ஃபிரிட்ஜ் இழுக்கும் கரண்ட்: ஒரே யூனிட், பல விலை

மே மாதம், பிற்பகல் 2 மணி. திருமுல்லைவாயலில் மொட்டை மாடிக்கு நேர் கீழே ஒரு சமையலறை. அடுப்பை அணைத்து ஒரு மணி நேரமாகியும் சுவரில் சூடு இறங்கவில்லை. அடுப்பு மேடைக்கும் கதவுக்கும் நடுவே செருகி வைத்திருக்கும் சிங்கிள் டோர் ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் கை வைத்தால் சுடுகிறது. உள்ளே இரண்டு ஆவின் பால் பாக்கெட், எவர்சில்வர் தூக்கில் தோசை மாவு, நேற்றைய புளிக்குழம்பு, ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைப்பூ, வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள். கம்ப்ரசர் ஓடத் தொடங்கி முக்கால் மணி நேரமாகிறது, இன்னும் நிற்கவில்லை. வாசலில் இபி பெட்டிக்குள் மீட்டரின் சிவப்பு விளக்கு சில விநாடிக்கு ஒருமுறை மின்னிக்கொண்டே இருக்கிறது.

சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து வீடுகளில் கோடைக்கால பில் வந்ததும் முதல் சந்தேகம் ஏ.சி. மீது விழுகிறது, அடுத்தது ஃபிரிட்ஜ் மீது. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஊருக்குப் போனாலும் 24 மணி நேரமும் செருகியே இருப்பது அது ஒன்றுதான். ஆனால் அதற்கு எவ்வளவு ஆகிறது என்று கேட்டால் வீட்டுக்கு வீடு வேறு பதில் வரும். எல்லா பதிலும் சரியாகவே இருக்கும்.

நல்ல நிலையில் உள்ள புது சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை யூனிட் எடுக்கும். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய சிங்கிள் டோர் ஒரு யூனிட்டைத் தொடும். பழைய டபுள் டோர், அதிலும் கேஸ்கெட் தளர்ந்தது, ஒன்றரை யூனிட் வரை போகும். இரண்டு மாதக் கணக்கில் பார்த்தால் 30 யூனிட்டிலிருந்து 90 யூனிட் வரை. இது மின்சாரத்தின் அளவு. இதன் விலையைத் தீர்மானிப்பது ஃபிரிட்ஜ் மட்டும் அல்ல, அந்த வீட்டின் மொத்தப் பயன்பாடு கட்டணப் படிக்கட்டில் எந்தப் படியில் நிற்கிறது என்பதும்தான்.

60 யூனிட்டுக்கு என்ன விலை?

தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2016 மே 23 முதல் எல்லா வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பர் 10-ல் பெரிய கட்டண உயர்வு வந்தது. 2024 ஜூலை 1-ல் மறுபடியும் உயர்ந்தது. 2025 ஜூலையில் அறிவித்த உயர்வை வீடுகளுக்கு மட்டும் அரசே ஏற்றுக்கொண்டதால் 2024-ன் விலையே தொடர்ந்தது. இந்தக் கட்டுரையின் கணக்கெல்லாம் அந்த விலைப்படிதான்.

மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70 ரூபாய், 401 முதல் 500 வரை 6.30 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் 2.35 ரூபாய்ச் சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாமே 4.70 ரூபாய் ஆகிவிடும். 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 801 முதல் 1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55 ரூபாய்.

சரியாக 500 யூனிட் என்றால் பில் 1,805 ரூபாய். 501 யூனிட் என்றால் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு.

ஃபிரிட்ஜின் செலவைக் கணக்கிட நேர்மையான வழி ஒன்றுதான்: அது இல்லாமலிருந்தால் பில்லில் எவ்வளவு குறைந்திருக்கும் என்று பார்ப்பது. நாளுக்கு ஒரு யூனிட், இரண்டு மாதத்துக்கு 60 யூனிட் எடுக்கும் ஃபிரிட்ஜை வெவ்வேறு வீடுகளில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

---
பெட்டிச் செய்தி: அதே ஃபிரிட்ஜ், ஆறு வீடுகள்

(ஃபிரிட்ஜையும் சேர்த்து, இரண்டு மாத மொத்தப் பயன்பாடு, அதில் ஃபிரிட்ஜின் 60 யூனிட்டுக்கான தொகை)

100 யூனிட் வீடு: 0 ரூபாய்
200 யூனிட் வீடு: 141 ரூபாய்
400 யூனிட் வீடு: 282 ரூபாய்
500 யூனிட் வீடு: 378 ரூபாய்
600 யூனிட் வீடு: 504 ரூபாய்
540 யூனிட் வீடு: 697 ரூபாய்
---

கடைசி வரி அச்சுப்பிழை இல்லை. 600 யூனிட் ஓட்டும் வீட்டைவிட 540 யூனிட் ஓட்டும் வீட்டில்தான் ஃபிரிட்ஜுக்கு அதிகம் ஆகிறது. 540-ல் இருந்து 60-ஐக் கழித்தால் 480. அந்த வீடு 500-க்குக் கீழே இறங்கி, இழந்த சலுகையையும் திரும்பப் பெறுகிறது. 540 யூனிட்டுக்கு பில் 2,376 ரூபாய், 480 யூனிட்டுக்கு 1,679 ரூபாய். வித்தியாசத்தை 60-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 11 ரூபாய் 60 காசுக்கு மேல் வருகிறது.

மேற்குப் புறநகருக்கு இந்தக் கணக்கு முக்கியமானது. ஒரு படுக்கையறையில் ஏ.சி., ஒரு ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார் என்று வாழும் சம்பளக்காரக் குடும்பம் குளிர்காலத்தில் 300, 350 யூனிட்டில் இருக்கும். ஏப்ரல் பிறந்ததும் 500-ன் வாசலுக்கு வந்துவிடும். ஏ.சி. ஓர் இரவு முழுக்க ஓடினால் 6, 7 யூனிட் ஆகும். அது புது சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ் பன்னிரண்டு, பதினான்கு நாள் எடுக்கும் மின்சாரம். வாசலைத் தாண்ட வைப்பது ஏ.சி.தான் என்றாலும், அந்த வீட்டை ஆண்டு முழுக்க வாசலுக்கு அருகிலேயே நிறுத்தி வைத்திருப்பதில் ஃபிரிட்ஜுக்குப் பங்குண்டு.

கம்ப்ரசர் எப்போது நிற்கிறது?

குளிர் ஒரு காலத்தில் சென்னைக்குக் கப்பலில் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ஃபிரெடெரிக் டியூடர் அனுப்பிய பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்று மெரினாவில் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. இந்திய நிறுவனமொன்று முதன்முதலில் ஃபிரிட்ஜ் தயாரித்தது 1958-ல், கோத்ரெஜ். இன்று பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு சாலையில் போனால் வரும் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் ஆலை ஃபிரிட்ஜ் தயாரிக்கிறது. 2006-ல் வந்த ஆட்சி இலவசமாகக் கலர் டி.வி. கொடுத்தது. 2011-ல் வந்த ஆட்சி மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தது. ஃபிரிட்ஜை மட்டும் குடும்பங்கள் தவணை கட்டித் தாங்களே வாங்கிக்கொண்டன.

ஃபிரிட்ஜ் செய்யும் வேலை, உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுவது. கம்ப்ரசர் வாயுவை அழுத்துகிறது. அழுத்திய வாயு சூடாகிக் கம்பிச் சுருள் வழியே போய் அறைக்குள் சூட்டை விட்டுத் திரவமாகிறது. அது நுண்குழாய் வழியே உள்ளே போய் விரிந்து ஆவியாகும்போது அங்குள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளே குறித்த குளிர் வந்ததும் தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை நிறுத்துகிறது. சூடு மறுபடி கசிந்ததும் ஓட விடுகிறது. பழைய மாதிரிகளில் கம்ப்ரசர் ஓடும்போது 100 முதல் 150 வாட் வரை எடுக்கும், நின்றால் எதுவும் எடுக்காது. ஆக, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதுதான் கணக்கு. 8 மணி நேரம் ஓடும் ஃபிரிட்ஜும் 14 மணி நேரம் ஓடும் ஃபிரிட்ஜும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

ஓடும் நேரத்தைக் கூட்டுவது எது என்று பட்டியல் போட்டால், கதவை அடிக்கடி திறப்பது பற்றித்தான் எல்லோரும் முதலில் பேசுவார்கள். அதைவிடப் பெரிய காரணம் ஃபிரிட்ஜ் நிற்கும் இடம். சூட்டை வெளியே விடும் சுருள் பழைய ஃபிரிட்ஜில் பின்புறம் கறுப்புக் கம்பியாகத் தெரியும். புதியவற்றில் பக்கச் சுவர்களுக்குள் மறைந்திருக்கும். பக்கவாட்டில் தொட்டால் சுடுவது அதனால்தான், பழுதால் அல்ல. அந்தச் சூடு வெளியேற இடமில்லாமல் சுவரோடு சுவராக ஒட்டி வைத்தால் கம்ப்ரசர் விடாமல் உழைக்கும். முகப்பேரிலும் அம்பத்தூரிலும் உள்ள சிறிய அடுக்குமாடி வீடுகளில் ஃபிரிட்ஜுக்கு என்று விட்டிருக்கும் சந்து பல நேரம் அதன் அகலத்துக்கு மட்டுமே சரியாக இருக்கிறது. பின்னாலும் பக்கங்களிலும் ஒரு கையளவாவது இடைவெளி வேண்டும். மேற்கு வெயில் விழும் சுவரை ஒட்டியும், அடுப்பை ஒட்டியும் வைக்கக் கூடாது.

அடுத்தது கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கெட். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் இறுக்கமாக வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் இரவும் பகலும் குளிர் வெளியேறுகிறது. அடுத்தது சிங்கிள் டோரின் ஃப்ரீசரில் படியும் பனி. விரல் கனத்துக்குப் படியவிட்டால் அது போர்வையாக மாறிக் குளிர் இறங்குவதைத் தடுக்கும். டபுள் டோரில் பனி தானாக உருகுகிறது என்றால், அதை உருக்க உள்ளே ஒரு ஹீட்டர் வேலை செய்கிறது. அதே கொள்ளளவில் டபுள் டோர் கூடுதலாக எடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பாரை ஆறவிடாமல் உள்ளே வைத்தால் அந்தச் சூடு முழுவதையும் கம்ப்ரசர்தான் வெளியே இறைக்க வேண்டும். மூடாத பாத்திரத்திலிருந்து வரும் ஈரம் பனியாகப் படியும். கோடையில் பாட்டில் பாட்டிலாக வெதுவெதுப்பான தண்ணீரை அடுக்குவதும் இதே கணக்குத்தான். பக்கத்தில் மண்பானை வைத்துக் குடிக்கும் வீட்டில் கம்ப்ரசருக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது.

இரவில் ஃபிரிட்ஜை அணைத்து வைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. அணைத்த நேரத்தில் உள்ளே ஏறும் சூட்டைக் காலையில் கம்ப்ரசர் கூடுதலாக ஓடி ஈடுகட்டுவதால் மிச்சம் மிகக் குறைவு. 5 டிகிரிக்குக் கீழே வைத்தால்தான் உணவில் கிருமி பெருகுவது மட்டுப்படும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. சில ரூபாய்க்காகக் குழந்தை குடிக்கும் பாலைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

சிவப்பு விளக்கைக் கணக்கிடுங்கள்

தன் வீட்டு ஃபிரிட்ஜ் எவ்வளவு எடுக்கிறது என்று அறிய எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் 1600 அல்லது 3200 என்பது போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். சிவப்பு விளக்கு அத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட் என்று பொருள்.

ஃபிரிட்ஜைத் தவிர வீட்டில் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். செட்டாப் பாக்ஸ், வைஃபை ரவுட்டர், இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர் எதையும் விடக் கூடாது. கம்ப்ரசர் ஓடும்போது ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் எத்தனை விநாடி என்று பார்க்க வேண்டும். 3200 மீட்டர் என்றால் 1125-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட் கிடைக்கும். 1600 மீட்டருக்கு 2250-ஐ வகுக்க வேண்டும். 3200 மீட்டரில் 11 விநாடிக்கு ஒருமுறை மின்னினால் ஃபிரிட்ஜ் சுமார் 100 வாட் எடுக்கிறது. கம்ப்ரசர் நின்ற பிறகும் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் வேறு ஏதோ ஒன்று மின்சாரம் எடுக்கிறது. பழைய ஸ்டெபிலைசரே அதுவாக இருக்கலாம்.

இதைவிட உறுதியான கணக்கு வேண்டுமென்றால், குடும்பத்தோடு ஊருக்குப் போகும் நாளைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஃபிரிட்ஜை மட்டும் ஓடவிட்டுப் புறப்படும்போது ரீடிங்கைச் செல்போனில் படமெடுத்து, திரும்பியதும் மறுபடி எடுத்தால் போதும். கதவு திறக்காத நாட்கள் என்பதால் அன்றாடச் செலவைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். அப்படியிருந்தும் நாளுக்கு ஒரு யூனிட்டைத் தாண்டினால் அந்த ஃபிரிட்ஜைக் கவனித்தே ஆக வேண்டும்.

நட்சத்திரத்துக்குக் கீழே உள்ள எண்

2001-ன் எரிசக்திச் சேமிப்புச் சட்டப்படி அமைந்த எரிசக்தித் திறன் அமைப்பு 2006-ல் நட்சத்திர லேபிளைக் கொண்டுவந்தது. கடையில் எல்லோர் கண்ணும் நட்சத்திரத்தில்தான் நிற்கிறது. பார்க்க வேண்டியது அதற்குக் கீழே அச்சிட்டிருக்கும் ஆண்டுப் பயன்பாடு: வருடத்துக்கு இத்தனை யூனிட். நட்சத்திரம் கொள்ளளவைப் பொறுத்தது. பெரிய ஃபிரிட்ஜின் 4 நட்சத்திரமும் சின்ன ஃபிரிட்ஜின் 4 நட்சத்திரமும் ஒரே செலவு அல்ல. நட்சத்திர அளவுகோலையும் சில வருடத்துக்கு ஒருமுறை இறுக்குகிறார்கள். 2023 ஜனவரியில் அப்படி இறுக்கியபோது அதுவரை 5 நட்சத்திரம் வாங்கிய பல மாதிரிகள் கீழே இறங்கின. லேபிளில் உள்ள காலத்தையும் பார்த்தால்தான் பழைய இருப்பை அடையாளம் காண முடியும்.

லேபிளில் உள்ள எண் சோதனைக்கூடத்தில் கதவைத் திறக்காமல் எடுத்தது. ஐந்து பேர் புழங்கும் சமையலறையில் அதைவிடக் கூடும். ஆனால் இரண்டு மாதிரிகளை ஒப்பிட அந்த எண் போதும்.

ஒரே கொள்ளளவில் ஒன்று வருடத்துக்கு 190 யூனிட், மற்றது 140 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 50 யூனிட். 4.70 ரூபாய்ப் படியில் இருக்கும் வீட்டுக்கு வருடத்துக்கு மிச்சம் 235 ரூபாய். இரண்டாவதற்கு 2,000 ரூபாய் கூடுதல் விலை சொன்னால் அது திரும்பி வர எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். 8.40 ரூபாய்ப் படியில் இருக்கும் வீட்டுக்கு மிச்சம் 420 ரூபாய், ஐந்து வருடத்துக்குள் திரும்பிவிடும். விற்பனையாளர் எல்லோருக்கும் ஒரே கணக்குத்தான் சொல்வார். வீட்டு இபி பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. 200 யூனிட்டுக்குள் வாழும் குடும்பம் 5 நட்சத்திரத்துக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை.

இன்வெர்ட்டர் கம்ப்ரசர் பற்றியும் ஒரு சொல். பழையது முழு வேகத்தில் ஓடும் அல்லது நிற்கும். இன்வெர்ட்டர் வகை தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும். நின்று நின்று கிளம்பும் சுமை இல்லாததால் செலவும் குறைவு, சத்தமும் குறைவு. எப்போதும் மெல்ல ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்து அதிகம் எடுப்பதாகப் பயப்பட வேண்டாம்.

பழையதை எப்போது மாற்றுவது?

பழைய ஃபிரிட்ஜ் இரண்டு மாதத்துக்கு 90 யூனிட், புதியது 35 யூனிட் என்றால் வித்தியாசம் 55 யூனிட், வருடத்துக்கு 330 யூனிட். முழுக்க 4.70 ரூபாய்ப் படியில் இருக்கும் வீட்டுக்கு வருட மிச்சம் 1,551 ரூபாய். 16,000 ரூபாய்க்குப் புதிது வாங்கினால் போட்ட காசு வர பத்து வருடம் ஆகும். பில்லுக்காக மட்டும் மாற்றுவது இந்த வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. கேஸ்கெட்டை மாற்றி, இடத்தை மாற்றி, பனியை உருக்கி ஓட்டுவதே புத்திசாலித்தனம்.

கோடையில் 540 யூனிட் காட்டும் வீட்டின் கதை வேறு. 55 யூனிட் குறைந்தால் 485-க்கு வந்துவிடும். பில் 2,376 ரூபாயிலிருந்து 1,710 ரூபாய் 50 காசாக இறங்கும். ஒரே பில்லில் 665 ரூபாய் 50 காசு மிச்சம். வருடத்தின் ஆறு பில்லில் மூன்று இப்படி அமைந்தாலே அந்த மூன்றில் மட்டும் ஏறக்குறைய 2,000 ரூபாய். மற்ற மூன்றையும் சேர்த்தால் ஆறு வருடத்துக்குள் புது ஃபிரிட்ஜின் விலை கிடைத்துவிடும். அதற்குப் பிறகும் அது ஓடும்.

பழையதை மாற்றியவர்கள் பலர் அதை வெளியேற்றுவதில்லை. மாடிக்கோ ஹாலுக்கோ நகர்த்தி, தண்ணீருக்கும் மாவுக்கும் என்று ஓடவிடுகிறார்கள். 90 யூனிட் அப்படியே நிற்க, மேலே 35 யூனிட் சேர்கிறது. இதைவிட நஷ்டமான ஏற்பாடு வேறில்லை.

பழையதை செகண்ட் ஹேண்டில் வாங்குபவருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலைக்கு வந்து ஒற்றை அறையில் தங்குபவர்கள் மூன்றாயிரம், நாலாயிரத்துக்கு ஃபிரிட்ஜ் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கிறார்கள். அந்த மலிவு ஃபிரிட்ஜ் நாளுக்கு ஒன்றரை யூனிட் எடுத்தால், வீட்டுக்காரர் வைத்த சப் மீட்டரில் யூனிட்டுக்கு 10 ரூபாய் கட்டும் அறையில் இரண்டு மாதத்துக்கு 900 ரூபாய். ஒரு வருடத்துக்குள் வாங்கிய விலையைத் தாண்டிவிடும்.

---
பெட்டிச் செய்தி: "கேஸ் அடிக்கணும்"

ஃபிரிட்ஜில் உள்ள வாயு தீர்ந்துபோகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் ஃபிரிட்ஜின் ஆயுள் முழுக்கச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் வாயு மட்டும் நிரப்பினால் சில மாதத்தில் அதே செலவு மறுபடி வரும். ஓசோன் படலத்தைக் காக்கும் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் விளைவாகப் பழைய ஆர்-12 வாயு போனது. இப்போதைய ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். மிகக் குறைந்த அளவே தேவைப்படும், எளிதில் தீப்பற்றும். எடை போட்டு நிரப்ப வேண்டிய இதை உத்தேசமாக நிரப்பினால் கூடினாலும் குறைந்தாலும் கரண்ட் செலவு ஏறும். தராசு கொண்டு வராத மெக்கானிக்கிடம் அந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.
---

கரண்ட் போகும் நாளில்

பராமரிப்புப் பணி என்று அறிவித்து நிறுத்தும் மின்சாரம் வழக்கமாகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை. கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைக் காக்கும். 5 மணி நேர நிறுத்தத்துக்கு முதல் நாள் இரவே இரண்டு பாட்டில் தண்ணீரை உறைய வைத்து, காலையில் பால் தட்டில் வைத்துவிட்டால் அந்த ஒரு மணி நேரத்தையும் தாண்டிவிடலாம். மின்சாரம் வந்தவுடன் தெரு முழுக்க எல்லா ஃபிரிட்ஜும் ஏ.சி.யும் ஒன்றாகக் கிளம்பும். ஃபிரிட்ஜின் ஸ்விட்சை ஐந்து பத்து நிமிடம் கழித்துப் போடுவது கம்ப்ரசருக்கு நல்லது.

மின்வெட்டைவிட நாள்பட்ட தொல்லை கோடை இரவின் லோ வோல்டேஜ். 2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அப்படிப்பட்ட இரவுகளில், வீடுகள் பெருகிய வேகத்துக்கு டிரான்ஸ்பார்மர் பெருகாத தெருக்களின் கடைசி வீட்டில் வோல்டேஜ் விழும். கம்ப்ரசர் கிளம்ப முயன்று உறுமும், கிளம்பாமல் நிற்கும், மறுபடி முயலும். குளிரும் வராது, கரண்டும் போகும், நாளடைவில் கம்ப்ரசரே போகும். இதை ஸ்டெபிலைசரால் மட்டும் தீர்க்க முடியாது. தெருவாசிகள் சேர்ந்து மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் புகாரைப் பதிந்து, கூடுதல் டிரான்ஸ்பார்மர் கேட்டு வாங்க வேண்டும்.

வாடகை வீட்டு ஃபிரிட்ஜ்

இதுவரை சொன்ன கட்டணம் எதுவும் பொருந்தாத ஒரு பெரிய கூட்டம் இந்தப் புறநகரில் வாழ்கிறது. ஒரு மனையில் கீழே ஒரு போர்ஷன், மேலே இரண்டு போர்ஷன், இபி இணைப்பு ஒன்றே ஒன்று. ஒவ்வொரு போர்ஷனுக்கும் சப் மீட்டர். யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று வீட்டுக்காரர் முன்பணம் வாங்கும்போதே பேசிவிடுவார். அரசு தரும் 100 யூனிட் இலவசமும் 2.35 ரூபாய்ச் சலுகையும் குடியிருப்பவர் கைக்கு வந்து சேர்வதில்லை.

சொந்த இணைப்பில் 100 யூனிட்டுக்குள் வாழும் இருவர் குடும்பத்துக்கு ஃபிரிட்ஜ் ஓடுவது இலவசம். அதே குடும்பம் 10 ரூபாய் சப் மீட்டரில் இருந்தால் அதே 60 யூனிட்டுக்கு 600 ரூபாய். பில்லில் யார் அதிகம் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால், ஏ.சி. வைத்த சொந்த வீட்டுக்காரரைவிட ஃபிரிட்ஜ் மட்டும் வைத்த வாடகைக்காரர் யூனிட்டுக்கு அதிகம் கொடுக்கிறார். இது அநியாயம்.

வீட்டுக்காரர்கள் பக்கத்திலும் ஒரு வாதம் உண்டு. மூன்று குடித்தனமும் ஒரே மீட்டரில் சேர்ந்தால் மொத்தம் 500-ஐ எளிதாகத் தாண்டி மேல்படிக்குப் போய்விடுகிறது, அந்தச் சுமையை நாங்கள் மட்டும் ஏன் தாங்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று குடித்தனம், ஆளுக்கு 300 யூனிட், மொத்தம் 900. ஒரே இணைப்பில் பில் 5,820 ரூபாய். சராசரி யூனிட்டுக்கு 6 ரூபாய் 47 காசு. 8 ரூபாயும் 10 ரூபாயும் அதைவிட மிக அதிகம்.

அதே மூன்று குடித்தனத்துக்கும் தனித்தனி இணைப்பு இருந்தால் ஒவ்வொருவருக்கும் 705 ரூபாய், மூவருக்கும் சேர்த்து 2,115 ரூபாய். ஒரே மனை, அதே 900 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 3,705 ரூபாய் வீணாகப் போகிறது. கேஸ்கெட் மாற்றியும் 5 நட்சத்திரம் வாங்கியும் மிச்சம் பிடிக்கும் தொகையெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது.

ஆகவே வீட்டை வாடகைக்கு விடுவோர் முதலில் செய்ய வேண்டியது, தனிச் சமையலறையோடு தனிக் குடித்தனமாக இருக்கும் ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி இணைப்புக்கு விண்ணப்பிப்பது. வயரிங் மாற்றும் செலவு ஒருமுறைதான். அது முடியாத வீடுகளில், வாரியத்தின் பில்லை எல்லோருக்கும் காட்டி, சப் மீட்டர் யூனிட் விகிதப்படி மொத்தத் தொகையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். புது வீடு பார்க்கப் போகிறவர்கள் வாடகையையும் முன்பணத்தையும் கேட்கும் அதே மூச்சில், இபி இணைப்பு தனியா பொதுவா, யூனிட்டுக்கு என்ன என்று கேட்டுவிட்டுத்தான் முன்பணத்தைக் கொடுக்க வேண்டும்.